பெற்றவன் கை

கருப்புவின் பிரௌசிங் சென்டர்மீது முதல் கல்லை எறிந்தது யார் என்று போலீஸ் வந்து கேட்டபோது, தெருவில் அத்தனை பேர் வாயிலும் கொழுக்கட்டை. எறிந்தது ஜனகராஜ். அது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் தெருச் சங்கத்தின் செயலாளரைக் காட்டிக்கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? தெருப் பிள்ளைகளுக்காகத்தானே எறிந்தார் என்று ஆளாளுக்கு மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், பள்ளிக்கூடம் திறந்த புதிது. தெப்பக்குளத்துக்குப் போகிற சாலையிலிருந்து பிரிகிற அந்தத் தெருவில் நாலு பிரௌசிங் சென்டர்கள் முளைத்திருந்தன. கருப்பு கடையில் மட்டும்தான் கேபினுக்குக் கதவு உண்டு. மகனைத் தேடிப் போன ஒரு அம்மாள் அந்தக் கதவைத் திறந்திருக்கிறாள். உள்ளே பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர், திரையில் பார்க்கக் கூடாத படம். அவள் போட்ட கூச்சல் தெருமுனைக்குப் போவதற்குள் காது மூக்கு வைத்துக்கொண்டது. மாலைக்குள் கடை வாசலில் நூறு பேர்.

கண்ணாடி உடைந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. மானிட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்து தார்ரோட்டில் போட்டு உடைத்தார்கள். கருப்புவைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து மிதித்தார்கள். புருவம் கிழிந்து ஒரு கண்ணை ரத்தம் மூடிவிட்டது. கடன்பட்டுக் கடை வைத்த முப்பது வயது ஆள். அடி விழ விழ ஒரே பாட்டைத்தான் பாடினான்.

"கஸ்டமர் கதவ நான் எப்படிண்ணே தெறந்து பாக்க முடியும். ஒங்க பிள்ளைய நீங்க பாக்க மாட்டீங்களாண்ணே."

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஜனகராஜ் அவன் வாயிலேயே ஒரு குத்து விட்டார். கேள்வி நியாயமானது என்பதுதான் அவருக்கு ஆத்திரம். விளக்குத்தூண் பக்கம் மொத்தச் சேலை வியாபாரம். காலையில் கடை திறக்கப் போனால் பூட்டிவிட்டு வீடு திரும்பும்போது மகன் விஜய்ஆனந்த் தூங்கியிருப்பான். பதின்மூன்று வயதுப் பையன் சாயங்காலம் எங்கே போகிறான், எதைப் பார்க்கிறான் என்று அவருக்கு என்ன தெரியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் கூட்டம். எழுந்து பேசியவன் கேபிள் டிவி நடத்தும் வெள்ளைத்துரை. நாலு சென்டருக்கும் இன்டர்நெட் லைனைத் தானே கொடுப்பதாகவும், தன் கன்ட்ரோல் ரூமில் ஒரே ஒரு ஃபில்டர் போட்டால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பூட்டுப் போட்ட மாதிரி என்றும் சொன்னான்.

"பிள்ளைக்கு ஒரு கார்டு, கார்டுக்கு ஒரு நம்பர். நம்பரப் போட்டாத்தான் மெஷின் தெறக்கும். கெட்ட பக்கத்துக்குப் போனா செவப்புத் திரை வந்து மறிச்சிரும், நம்பர் எங்கிட்ட வந்து விழுந்துரும். ஸ்டூடண்ட் கார்டுக்குப் பாதி ரேட்டு. பெரியவங்களுக்கு முழு ரேட்டு, நம்பரும் கெடையாது, ஃபில்டரும் கெடையாது. பெரியவங்களுக்கு எதுக்குப் பூட்டு?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நாலு கடை வாடிக்கையும் அவன் மடியில் விழப்போகிறது. ஆனாலும் கேட்டவர்களுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது. எதிர்த்துப் பேசியவர் ஒருவர்தான்: மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சத்தியசீலன். மகள் ரூத் சென்டருக்குப் போனால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "வாத்தியார் பொண்ணுக்குப் பாடிகார்டு" என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

"நம்ம பிள்ளைய நாமதான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்," என்றார். "எது நல்லது எது கெட்டதுன்னு அதுட்ட வாய்விட்டுப் பேசணும். எங்கயோ ரூம்ல இருக்கிற பெட்டி நம்ம பிள்ளைய வளக்காது."

"சார், ஒங்களுக்கு நாலு மணிக்குப் பெல் அடிச்சா வீடு," என்றார் ஜனகராஜ். "இஸ்திரி போடுறவனும் கடை வச்சிருக்கவனும் எப்பப் போய்ப் பக்கத்துல உக்கார்றது? எங்களுக்குக் கம்ப்யூட்டர்ல எம்புட்டுத் தெரியும்? ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு சும்மாவா சொன்னாங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தக் கைதட்டலில்தான் இன்னொரு விதியும் பிறந்தது. நம்பர் விழுந்த பிள்ளையை என்ன செய்வது? அடியாத மாடு படியாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஊரான் கை பட்டால் சாதிச் சண்டை வரும், வெட்டுக் குத்து வரும். அதனால் பெற்றவன் தன் கையாலேயே, ஞாயிற்றுக்கிழமை காலையில், சங்கத்து வாசலில், எல்லோர் முன்னாலும் அடிக்க வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளையைச் செயலாளர் அடிப்பார். பிரம்பை ஜனகராஜே வாங்கிக் கொடுத்தார். சத்தியசீலன் மட்டும் கை தூக்காமல் எழுந்து போனார்.

கருப்பு நெற்றியில் தையலோடு மறுபடி கடை திறந்தான். கேபின் கதவுகளைக் கழற்றிவிட்டு வெள்ளைத்துரையின் லைனையே போட்டுக்கொண்டான். வேறு வழி?

முதல் மாதமே நம்பர்கள் விழ ஆரம்பித்தன. ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் தன் மகனை அடித்தார். பையன் வாசல் மணலில் சிறுநீர் கழித்துவிட்டான், நாலு பேர் சிரித்தார்கள். அடுத்து மாட்டியவன் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த தங்கப்பொண்ணுவின் மகன். அவள் புருஷன் செத்து இரண்டு வருஷம். விதிப்படி பிரம்பு ஜனகராஜ் கைக்கு வந்தது. தன் பிள்ளையாக இருந்தால் எங்கே வலிக்கும், எங்கே தாங்கும் என்று கைக்குத் தெரியும். அடுத்தவன் பிள்ளை முதுகில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவர் ஓங்கி ஓங்கி அடித்தார். பிரம்பு பட்ட இடமெல்லாம் சட்டை ஒட்டிக்கொண்டது.

"சேத்து ரெண்டு போடுங்கண்ணே, திருந்தட்டும்," என்றாள் தங்கப்பொண்ணு. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பையன் சென்டர் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடம் பக்கமும் போகவில்லை. அம்மாவோடு நின்று கரி அள்ளிப் போட ஆரம்பித்தான். அதைப் பற்றிச் சங்கத்தில் யாரும் பேசவில்லை. தெரு சுத்தமாகிவிட்டது என்றுதான் பேசினார்கள். ஜனகராஜுக்கு நடையே மாறிப்போனது.

இப்படி இருக்கும்போதுதான் சூரத்து வியாபாரி ஒருவர் சேலை டிசைன்களை ஈமெயிலில் அனுப்ப ஆரம்பித்தார். ஜனகராஜும் கருப்பு கடைக்குப் போய்வரப் பழகினார். பார்வேர்ட் செய்யவும் பிரிண்ட் போடவும் கருப்புவே சொல்லிக்கொடுத்தான். அடித்த கையென்று முகம் சுளிக்கவில்லை. முழுக் கட்டணம் கொடுக்க மட்டும் செயலாளருக்கு மனம் வரவில்லை. மகனுடைய கார்டுக்குப் பாதி ரேட்டுதானே? அந்தத் தெருவில் அதைத் தவறென்று யாரும் நினைத்ததில்லை. ரேஷன் கார்டு, பஸ் பாஸ் எதுவாயிருந்தாலும் வீட்டில் ஒருவருடையது எல்லோருடையதும்தான். பாதிப் பேர் பிள்ளைகளின் கார்டில்தான் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார்கள். ஜனகராஜ் அவ்வப்போது விஜய்ஆனந்தின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கார்டை எடுத்துப் போவார், திரும்ப வைத்துவிடுவார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் டிசைன் தேடுகிறேன் என்று எதையோ அழுத்தினார். திரையில் குட்டியாக ஒரு ஜன்னல் திறந்தது. மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். இரண்டு ஜன்னல்கள் திறந்தன. அவற்றை மூடப் போனார், நாலானது. ஒவ்வொன்றிலும் கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டிய படம். அவர் பதறிப்போய்க் கையில் பட்டதையெல்லாம் அழுத்த, சிவப்புத் திரை வந்து மறித்தது. சட்டென்று சுவிட்சை அணைத்தார். கருப்பு திரும்பிப் பார்த்தான். "கரண்டு போச்சுப்பா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வீடு வருவதற்குள் நெஞ்சு படபடப்பு நின்றுவிட்டது. தான் எதையும் தேடிப் போகவில்லையே. சிவப்புத் திரை பிள்ளைகளுக்கு வைத்தது, நாற்பத்தைந்து வயது ஆளுக்கு அது என்ன செய்யும்? கார்டை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தார், அத்தோடு மறந்தார். உண்மையிலேயே மறந்துவிட்டார், அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்து வாசலில் கூட்டம் சுமாராக இருந்தது. வெள்ளைத்துரை வழக்கம்போல எழுந்து நின்றான்.

"இந்த வாரம் ஒண்ணே ஒண்ணுதான். புதன்கிழமை விழுந்தது. நாப்பத்தொண்ணு."

யார் பிள்ளை என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெள்ளைத்துரை தொண்டையைச் செருமினான். "அண்ணே, ஒங்க விஜய்ஆனந்து."

ஜனகராஜுக்குத் தலைக்குள் ரத்தம் ஏறியது. தெருவே அவர் முகத்தைப் பார்த்தது. தங்கப்பொண்ணு இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்து முன்னால் நின்றாள். அவள் கண்ணில் இருந்தது கோபம்கூட இல்லை. பார்க்கிறேன், நீ எப்படி அடிக்கிறாய் என்று பார்க்கிறேன் என்ற ஒரு பார்வை. மகனை அழைத்துவர ஆள் போனது. பின்னாலேயே அவர் மனைவி வசுந்தராவும் ஓடிவந்தாள்.

"நான் போகலப்பா. சத்தியமாப் போகல," என்றான் பையன்.

முதல் அடி தோளில் விழுந்தது. தன் பிள்ளை என்று கை குறைத்துவிட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் தங்கப்பொண்ணு மகனை அடித்ததைவிட ஓங்கி அடித்தார். தொடையில், முதுகில், தடுக்க வந்த புறங்கையில். விரல் ஒன்று அங்கேயே வீங்கிவிட்டது. "போகலப்பா, போகலப்பா" என்று கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி ஓடியவன், கடைசியில் ஓடிவந்து அவர் காலையே கட்டிக்கொண்டான். முகத்தை அவர் வேட்டியில் புதைத்துக்கொண்டு, மெதுவாக, வீட்டுப் பாஷையில் பேசினான்.

அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். தெருவில் அந்தப் பாஷை பேசுகிற வீடுகள் கொஞ்சம்தான்; அன்று அந்த வாசலில் அது புரிந்தவர்கள் தகப்பனும் தாயும் மட்டும்தான். பையன் சொன்னது இவ்வளவுதான்: "புதன்கிழமை கார்டு உங்ககிட்டத்தானேப்பா இருந்துச்சு."

பிரம்பு மேலேயே நின்றுவிட்டது. ஜன்னல்கள், பெருக்கல் குறி, சிவப்புத் திரை, கருப்பு திரும்பிப் பார்த்தது எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன. ஜனகராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனிமேல் தெரியாது என்று அவர் யாரிடமும் சொல்ல முடியாது, சாமியிடம்கூட.

"பையன் என்னண்ணே சொல்றான்?" என்று கேட்டான் வெள்ளைத்துரை.

பையன் தலையை நிமிர்த்தித் தமிழில் ஒரு வார்த்தை சொல்லப் போகிறான் என்று ஜனகராஜ் பயந்தார். பிரம்பைக் கீழே போட்டார். பையனின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, விரித்த கையால் இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். உடம்பில் இருந்த பலம் அத்தனையும் அந்தக் கையில் இருந்தது. பையன் சுருண்டு போய்ச் சங்கத்துப் படிக்கட்டின் விளிம்பில் தலை மோத விழுந்தான். காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அதற்கப்புறம் அன்று அந்த வாசலில் அவன் எந்தப் பாஷையிலும் பேசவில்லை.

"செயலாளர்னா செயலாளர்தான்," என்றார் கூட்டத்தில் ஒருவர். தங்கப்பொண்ணு வண்டிக்குத் திரும்பிப் போனாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மாள் எப்படி ஆயிற்று என்று கேட்டாள். "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்," என்றான் விஜய்ஆனந்த். அவள் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒன் சைக்கிள் பிரம்பும் வச்சிருக்கா?" என்றாள். ஜனகராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதுச் சவ்வு கிழிந்து உள் எலும்பும் விட்டுப்போய்விட்டதாம். அந்தக் காது இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள்.

வராந்தாவில் வசுந்தரா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டில் பேசிக்கொள்வது தமிழ் இல்லை. நமக்காகத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"அவன் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு," என்றாள்.

"சங்கத்துல அம்புட்டுப் பேரு நிக்கிறாங்க. நான் என்ன செய்ய?"

"தெரியாம அடிச்ச அடியெல்லாம் போகட்டும், கோவக்காரருன்னு விட்டுருவேன். தெரிஞ்ச பெறகு அடிச்சீங்க பாருங்க ஒண்ணு." அந்த வாரம் முழுவதும் தட்டில் சோறு வைத்தாள், எடுத்தாள். அவ்வளவுதான்.

சங்கத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஜனகராஜ் நினைக்காமல் இல்லை. தினமும் நினைத்தார். கடைக்குப் போகும்போது திரும்பி வந்து சொல்லலாம் என்று நினைத்தார், வரும்போது காலையில் சொல்லலாம் என்று நினைத்தார். சொன்னால் செயலாளர் பதவி போகும், அது போகட்டும். ஊரான் பிள்ளையை அடித்த கை இப்படிப்பட்ட கை என்று தெரு காறித் துப்பும். அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பையன் பெயர் கெட்டுக் கிடந்தது. வகுப்பில் அவனை யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. மகன் பெயரா தன் பெயரா என்ற கேள்வியில் ஒவ்வொரு நாளும் அவர் பெயரே ஜெயித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்துரை வாசித்தது ரூத்தின் நம்பர்.

வாத்தியார் மகள். தங்கப்பொண்ணுவின் தம்பிகள் இரண்டு பேர் போய்ச் சத்தியசீலனையும் அந்தப் பெண்ணையும் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாத்தியாரின் மனைவி ஆனிமேரி செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே வந்தாள்.

"நான் பக்கத்துல உக்காந்துதான் பாத்தேன்," என்றார் சத்தியசீலன். "ரெண்டு பேரும் சேந்துதான் தேடுனோம். எம்பிள்ள மேல எவனும் கை வைக்கக் கூடாது, நானும் வைக்க மாட்டேன்."

"என்ன பக்கம் சார் அது?" என்றான் வெள்ளைத்துரை.

"அதச் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை. தம்பிகளில் மூத்தவன் அவர் முகத்தில் குத்தினான். கண்ணாடி நொறுங்கிக் கன்னத்தில் ஏறியது. குனிந்தவரை முதுகில் முழங்கையால் இடித்தான் மற்றவன். அவர் விழுந்ததும் வேறு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். தங்கள் பிள்ளைகளை அடித்த தகப்பன்மார்கள். அவர்களுக்குள் அத்தனை நாள் தேங்கியிருந்தது அந்த மனுஷன்மேல் இறங்கியது. விலா எலும்பு முறிகிற சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது.

ஆனிமேரி நடுவில் விழுந்து மறித்தாள். "எம்மார்ல கட்டி இருக்கு," என்றாள், ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து. "அதப் பத்தித்தான் அப்பாவும் மகளும் தேடுனாங்க. போதுமா? இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சுல்ல."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதே கூட்டம் கலைந்திருக்க வேண்டும். ஆனால் தங்கப்பொண்ணு முன்னால் வந்தாள்.

"இஸ்திரிக்காரி மகனுக்குத் தோலு உரியும், வாத்தியார் மகளுக்குக் காரணம் இருக்கும். அப்படித்தான? எம்பிள்ள படிப்ப விட்டுட்டுக் கரி அள்ளுறான். எங்களுக்கு ஒரு ஞாயம், அவங்களுக்கு ஒரு ஞாயமா?"

"காரணம் ஆயிரம் சொல்லலாம்," என்றான் வெள்ளைத்துரை. "மெஷின் பொய் சொல்லாது. பெத்தவன் அடிக்கலன்னா செயலாளர் அடிக்கணும். ஒங்க பிள்ளையவே விடல நீங்க. புடிங்கண்ணே."

பிரம்பு ஜனகராஜ் கையில் இருந்தது. எதிரில் ரூத் நின்றாள். பள்ளிக்கூடத்தில் நீட்டுவது போல வலது உள்ளங்கையை நீட்டினாள். விரலை மடக்கவில்லை. ஜனகராஜ் அவளுக்கு அப்பால் பார்த்தார். கூட்டத்தின் ஓரத்தில் வசுந்தராவும், காதில் கட்டோடு விஜய்ஆனந்தும் நின்றிருந்தார்கள். இங்கே என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்காகப் பையன் முகத்தை முழுவதுமாகத் திருப்பி, நல்ல காதை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று வயதில் கிழவனைப் போல.

அதைப் பார்த்த பிறகு ஜனகராஜால் முடியவில்லை.

"நாப்பத்தொண்ணு நான்," என்றார்.

"என்னண்ணே?"

"அந்தப் புதன்கிழமை கார்ட எடுத்துட்டுப் போனது நான். செவப்புத் திரை எனக்குத்தான் வந்துச்சு. எம்பையன் பாக்கல. அவன் எங்கிட்டச் சொன்னான். சொன்ன பெறகுதான் நான் காதுல அடிச்சேன்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியது தங்கப்பொண்ணுவுக்குத்தான். அவர் கையிலிருந்த பிரம்பை வெடுக்கென்று பிடுங்கினாள். முகத்தில் விழுந்தது முதல் அடி. உதடு பிளந்தது. "பத்து ரூவா மிச்சம் பிடிக்கப் பிள்ளை கார்டுல போயி நீ பாப்ப, எம்பிள்ள அடி வாங்கணுமா," என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். கையால் மறைக்காமல் ஜனகராஜ் நின்றார். மூத்த தம்பி ஒரு செங்கல்லை எடுத்து அவர் பின்மண்டையில் இறக்கினான். அவர் முட்டி போட்டு விழுந்தார். வாத்தியாரை மிதித்த கால்கள் இப்போது இந்தப் பக்கம் திரும்பின. அடி விழுந்தது. ஆனால் அந்த வாரம் முழுவதும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டதை அவர் உணர்ந்தார். அடியுங்கடா என்றுதான் இருந்தது.

"நிறுத்துங்க."

விஜய்ஆனந்த் கூட்டத்துக்குள் புகுந்து வந்திருந்தான். சத்தமாக, தமிழில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"எங்கப்பா பொய் சொல்றாரு. நான்தான் பாத்தேன். கார்டு எங்கிட்டத்தான் இருந்துச்சு. என் பேரு கெட்டுருச்சுன்னு அவரு மேல போட்டுக்கிறாரு."

ஓங்கிய கைகள் இறங்கின. மனிதர்களுக்கு எது வசதியோ அதை நம்புவது எவ்வளவு எளிது என்று அன்று பார்க்க வேண்டியிருந்தது. செயலாளர் அயோக்கியன் என்றால் கல்லெறிந்ததிலிருந்து எல்லாமே தப்பாகிப்போகும். பையன் கெட்டவன் என்றால் எல்லாம் சரி. தங்கப்பொண்ணு பிரம்பைத் தூக்கி எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"புள்ளைக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்களேண்ணே. நான் பாவி கை நீட்டிட்டேனே."

"இல்லம்மா, நான்தான்," என்றார் ஜனகராஜ். உதடு வீங்கி வார்த்தை குழறியது.

"சும்மா இருங்கண்ணே. பெத்த மனசு," என்றான் வெள்ளைத்துரை. துண்டை எடுத்து அவர் தலைக் காயத்தில் சுற்றிக் கட்டினான். நாலு பேர் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். இப்படியும் ஒரு தகப்பனா என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தடியில் ஆனிமேரியும் ரூத்தும் சத்தியசீலனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் பிறகு அந்தத் தெருவுக்குத் திரும்பவே இல்லை. திருமங்கலம் பக்கம் வீடு பார்த்துவிட்டதாகக் கேள்வி.

ஜனகராஜ் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். தூக்கியவர்களை உதறிவிட்டுக் கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தார். வலித்தது. மூடிக்கொண்டார்.

வீட்டில் வசுந்தரா வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்து அவர் மண்டையில் ஒட்டியிருந்த ரத்தத்தைத் துடைத்தாள். பையன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜனகராஜ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு, தன்னைக் காப்பாற்றுவதற்காக ஊர் முன்னால் பழியைச் சுமந்துகொண்டானே என்று அவருக்கு நெஞ்சு விம்மியது.

"ஏண்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டார்.

பையன் நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டான். கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி, கோபமோ அழுகையோ இல்லாமல் பதில் சொன்னான்.

"சொல்லலைன்னா அவங்க உங்கள இன்னும் அடிப்பாங்க. அடி வாங்கிட்டு வீட்டுக்கு வந்து நீங்க என்னை அடிப்பீங்க."

அவருடைய கை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டுதான் சொன்னான்.